ஆளுக்கு ரெண்டு

"மேலதான போற? ரெண்ட எடுத்துனு போ."

வேனிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கன்னியப்பன் இரண்டு தோல் கட்டுகளை வைக்கிறார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் வாட்ச்மேன். கீழே வெட்டிய தோல் தையலுக்கு மூன்றாம் மாடி போக வேண்டும். லிஃப்ட் கெட்டு இரண்டு மாதமாகிறது. ஆள் வைத்துத் தூக்கலாம் என்றார் மேனேஜர். "எதுக்கு சார்? ஏறுறவங்க வெறுங்கையோடவா ஏறணும்?" என்று கேட்டு இந்த ஏற்பாட்டைச் செய்தவர் இவர்தான். தையல் நூல் விற்கப் போகும் என்னையும் விடுவதில்லை. என் பையைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் இரண்டைத் திணித்துவிடுவார்.

"இன்னா மிலிட்டரி, நாங்க இன்னா கழுதையா?" என்று அக்சா தினமும் கேட்பாள். தையல் செக்ஷனில் வாய் ஜாஸ்தி அவளுக்குத்தான்.

"கழுத இவ்ளோ கேள்வி கேக்காதும்மா."

ஐம்பதைத் தொடும் வயது. வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். பட்டாளத்தில் பதினெட்டு வருடம் மார்ட்டர் என்கிற சின்னப் பீரங்கியோடு மலை ஏறிய தோள். குழாய் ஒருவன், அதைத் தாங்கும் கால் ஒருவன், தரையில் பதிக்கும் இரும்புத் தட்டு ஒருவன் என்று மூன்றாகப் பிரித்துத் தூக்குவார்களாம். தட்டு இவருடையது. அப்படியானால் குண்டு யார் தலையில் என்று கேட்டேன்.

"ஒவ்வொண்ணும் நாலு கிலோ சார். நாங்க மூணு பேர் எத்தினிய தூக்குறது? கூட வர்ற நூறு பேரும் தூக்கணும். துப்பாக்கிக்காரன் ஆளுக்கு ரெண்டு. எங்களத் தாண்டி மேல போறப்ப வெச்சிட்டுப் போய்ட்டே இருப்பான்."

எல்லோரும் ஏறியதும் கேட்டை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, மேலே வந்து கட்டுகளை எண்ணுவார். போன வியாழக்கிழமை ஒன்று குறைந்தது. அக்சா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தண்ணி குடிச்ச இடத்துல வெச்சிட்டேன். இதோ எடுத்துனு வர்றேன்" என்று திரும்பினாள்.

"போவாத!"

அந்தச் சத்தத்தில் தையல் மிஷின்கள் நின்றுவிட்டன. இவரே முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஏறினார்.

"சின்னப் பொண்ணு ஒரு ஓட்டத்துல எடுத்து வந்திருக்குமே, உங்களுக்கேன் இந்த வீம்பு?" என்று கேட்டுத் தொலைத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். எல்லையோர மலை. தட்டைப் பதித்துவிட்டு, வருகிறவர்கள் வைக்கும் குண்டுகளை இவர் எண்ணி அடுக்குகிறார். கலவை ஊர்க்காரன் ஆபேல் ஒன்றுதான் வைத்தான். கால் வீங்கிவிட்டதாம்; இன்னொன்றைக் கீழே ஓடைக்கரையில் வைத்துவிட்டானாம்.

"நான் அப்போ நாயக், அவன் சிப்பாய். 'உன் பங்கு ரெண்டுடா, போய் எடுத்துனு வா'ன்னேன். எதுத்து ஒரு வார்த்த பேசல சார். நொண்டினே இறங்கிப் போனான். ஓடகிட்ட குனிஞ்சான். எதிரி குண்டு ஒண்ணு வந்து விழுந்துச்சு. ஆளே இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா இந்த மனிதர்?

"சாயங்காலம் சண்ட ஓஞ்சிது. மிச்சம் எண்ணச் சொன்னாங்க. பதினொண்ணு சார். பதினோரு குண்டு சும்மா கெடக்குது."

ஐயோ! பதினொன்று மீந்துபோன இடத்தில் அந்த ஒன்றுக்காகவா? சிரித்துக்கொண்டே என் கையில் தோல் கட்டைத் திணிக்கிற மனிதர், இத்தனை வருடமாக எதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்! உண்மையைச் சொன்னால், அங்கிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. பை கீழே கேட்டில் இருப்பது ஞாபகம் வந்தது.

"பைய எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஒரு படி இறங்கினேன்.

என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.