பொருள் உண்டு என்று கதறிய ராஜா

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில் நான் ராஜாவாக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் கொட்டகையில், அட்டைக் கிரீடத்தோடு, ஒரே ஒரு சாயங்காலம். பட்டறையில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனுக்கு அந்த வேஷம் கிடைத்ததே குரலால்தான். என் குரல் கிள்ளான் வரைக்கும் கேட்கும் என்பாள் மனைவி. பாராட்டாகச் சொன்னதில்லை.

நாடகம் எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுதியது. கடைசிக் காட்சியில் ராஜாவுக்கு நாடு போய், ராணி போய், மகனும் செத்துப்போவான். அப்போது நான் வானத்தைப் பார்த்து, "வாழ்வில் பொருள் இல்லை! தேடினேன், எங்கும் இல்லை!" என்று கதற வேண்டும். 'அர்த்தம்' என்று எழுதித் தொலைத்திருந்தால் பிழைத்திருப்போம். எழுதியவருக்குச் சுத்தத் தமிழ் மேல் ஆசை.

மேடையேற்ற ஜப்பான் அதிகாரியின் அனுமதி வேண்டும். அவனுக்கு அரைகுறை மலாய் தெரியும். எங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு அதிலும் அரை. பயத்தில் மனிதர் என் வசனத்தை "பாராங் தாடா" என்று சொல்லிவிட்டார். சாமான் இல்லையாம்! அரிசிக்கும் சீனிக்கும் ஊரே வரிசையில் நின்ற நேரம். அதிகாரி மேசையில் அறைந்தான். பாராங் நிறைய இருக்கிறது, அப்படியே மாற்றிப் பேசு, நானே வந்து கேட்பேன் என்றான். இல்லாவிட்டால் சியாமுக்கு ரயில் பாதை போடப் போகலாம். எங்கள் குவாட்டர்ஸிலிருந்து போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை.

"ராஜாவும் வேணாம், கூஜாவும் வேணாம். காய்ச்சல்னு படுத்துக்கங்க" என்றாள் மனைவி. படுத்தால் மட்டும் விடுவானா?

முன்வரிசையில் அதிகாரி மடியில் வாளோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், வியர்த்துக் கொட்ட. நான் மகனின் பிணத்தின் மேல் விழுந்து, புரண்டு, எழுந்து, கைகளை விரித்து, "வாழ்வில் பொருள் உண்டு! ஏராளமாக உண்டு!" என்று கதறினேன்.

மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று வயிறு உப்பிப்போன ஜனம் ஒரு நொடி வாயைப் பிளந்தது. பிறகு சிரித்தது பாருங்கள், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. செத்துக் கிடந்த மகனுக்கும் வயிறு குலுங்கியது. காலால் ஓர் இடி இடித்தேன்.

அதிகாரி திரும்பி, ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டான். சியாம் என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர், எல்லாருக்கும் சந்தோஷம் என்று மலாயில் சொன்னார். வாழ்நாளில் அவர் சரளமாகப் பேசிய மலாய் அது ஒன்றுதான். அதிகாரி தலையாட்டினான், கைதட்டினான், இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். மகனையும் மறுபடி சாக வைத்தேன்.

வேஷம் கலைக்கப் பின்னால் போனால், ஒரு பெண் காலிப் பையோடு நின்றாள். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவளாம்.

"பொருள் உண்டுன்னு சொன்னீங்களே அண்ணே, அந்த ஜப்பான் துவானும் தலையாட்டினாரே. எங்கே குடுக்கிறாங்க? புள்ளைக்குக் கொஞ்சம் பால் மாவு கெடைச்சாப் போதும்."

"அது நாடகம்மா" என்றேன்.

"தெரியும் அண்ணே. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போமேன்னு வந்தேன்."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். மேடையில் எவ்வளவு புரண்டும் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.