சந்திரனுக்குப் போன கப்பலில் பாய்லர் உண்டா?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பேச்சு முறிந்ததற்குக் காரணம் ஜாதகம் இல்லை, நகை நட்டும் இல்லை. சந்திரனுக்குப் போகும் ஒரு கப்பல். அதுவும் பயாஸ்கோப்பில் ஓடிய கப்பல். சொன்னால் யார் நம்புவார்கள்?

முப்பதுகளின் கடைசி அது. கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா எஞ்சின் டிரைவர். டவுனில் ஒரு கொட்டகையில் வெள்ளைக்காரத் தொடர் படம் ஒன்று சனிக்கிழமை தோறும் பகல் ஆட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தம்பி இருவர் மீன் போல ஒரு கப்பலில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறார்கள். வாராவாரம் ஏதாவது ஒரு ஆபத்தில் நிறுத்தி, மிச்சம் அடுத்த வாரம் என்று துரத்திவிடுவான். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எங்களுக்குப் பாதி புரியும், பாதி ஊகம். அதனால் அந்தக் கப்பல் எதனால் ஓடுகிறது என்று குவார்ட்டர்ஸில் ஆளாளுக்கு ஒரு கட்சி.

அப்பா பாய்லர் கட்சி. கட்சி என்ன, தலைவரே அவர்தான். "வாலுல பொகை வருதே, கண்ணு தெரியலையா?" என்று காப்பிக்கடையில் ஒரு போடு போட்டால் மறுபேச்சு கிடையாது. நானும் அம்மாவோடு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவள்தான். எனக்கு என்னவோ அது தீபாவளி வாணம் மாதிரி பின்பக்கம் சீறித் தள்ளிக்கொண்டு போவதாகத் தோன்றியது. என்னை யார் கேட்டார்கள்?

கேட்டவர் ஒருவர்தான். பங்சார் கரெண்ட் ஸ்டேஷனில் ஃபிட்டர் வேலை, சொந்த ஊர் கிள்ளான். என்னைப் பார்க்கத் தாயாரோடும் தாய்மாமனோடும் வந்திருந்தார். கேசரி, காப்பி எல்லாம் ஆன பிறகு பேச ஒன்றும் இல்லாமல் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாய்மாமன் சும்மா இருக்கக் கூடாதா? "இந்தச் சந்திரன் படம் பாக்குறீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அப்பா பாய்லரில் ஆரம்பித்து புகைபோக்கி வரைக்கும் போய்விட்டார்.

மாப்பிள்ளைப் பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்: "ஐயா, பாய்லர்னா தண்ணி வேணுமே. வானத்துல எந்த ஸ்டேஷன்ல நிறுத்தித் தண்ணி புடிப்பாங்க?"

அப்பா, "மேகத்துல புடிச்சிக்கலாம்" என்றார்.

வாயை விட்டு வந்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. பையனின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவருகே நின்ற எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

"சரி, நீங்க சொல்லுங்க தம்பி. எதுல ஓடுது?"

"கரெண்ட்டுலதான் ஐயா."

"கரெண்ட்டுக்குக் கம்பி வேணுமே! சந்திரன் வரைக்கும் போஸ்ட் நட்டு இழுத்துட்டானா?"

இந்த முறை அவருடைய மாமனே சிரித்துவிட்டார். பையன் கோபப்படவில்லை. சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்தீங்களா? உங்களுக்கு என்ன தோணுது?" என்றார். அதுவரை ஒரு ஆண்பிள்ளை என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. "வாணம் மாதிரி..." என்று ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினேன். "அதுவும் இருக்கலாம்லா" என்றார் அவர். கட்டினால் இவரைத்தான் என்று நான் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவர்கள் படியிறங்கியதும் அப்பா, "வாய்க்கொழுப்பு. செமினிக்காரங்களே தேவலை" என்றார். செமினியில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணி வீட்டிலும் என்னைக் கேட்டிருந்தார்கள். அந்த மனிதரிடம் குறை என்று ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது சாப்பிடுவதற்கு மட்டும் வாயைத் திறந்தார். சுற்றிலும் ரப்பர் மரம், நடுவில் அவர், அவருக்கு எதிரே நான். நினைத்தாலே மூச்சு முட்டியது.

கிள்ளானுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா நச்சரித்தாள். போன வாரப் படம், தம்பிக்காரன் எஞ்சின் ரூம் இரும்புக் கதவில் கை வைப்பதோடு நின்றிருந்தது. "சனிக்கிழமை எஞ்சினைக் காட்டப்போறான்ல, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அப்பா.

"பொண்ணு கல்யாணத்த பயாஸ்கோப்புல போய் முடிவு பண்ற மனுஷன இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கக் கோயிலுக்குப் போய், "பிள்ளையாரப்பா, அந்தக் கப்பல்ல பாய்லர் இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன். பாய்லரில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் அப்பா ஜெயித்தால் அந்தக் குஷியில் சரி என்றுவிடுவார். கரெண்ட் என்று வந்துவிட்டால் அந்தப் பையன் முகத்தில் ஜென்மத்துக்கும் விழிக்கமாட்டார். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று பிள்ளையார் திகைத்துப் போயிருப்பார்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பா. அவருக்குச் சில வரிசை பின்னால், என்னைப் பார்க்க வந்தவர். விளக்கு அணைந்தது. தம்பிக்காரன் கதவைத் தள்ளினான். நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு வெல்வெட் நாற்காலி. அதன் முன்னால் ஒரு கைப்பிடி. மேலே மினுக்கி மினுக்கி ஒரு விளக்கு. வேறு ஒன்றும் இல்லை. வெறும் சுவர். அவன் ஒய்யாரமாக உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தான், கப்பல் பாய்ந்தது.

"எஞ்சின் எங்கடா?" என்று அப்பாவின் குரல் கேட்டது.

"அதானே! எங்க?" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். கொட்டகை முழுக்க விசில்.

ஆட்டம் விட்டு வெளியே வந்தபோது இரண்டு பேரும் வாசலில் நின்று, படம் எடுத்தவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு போல்ட்டு நட்டு இல்ல, எண்ணெய் டின்னு இல்ல! வெல்வெட்டு நாற்காலியாம்! கரி படாத கையால எவன் எஞ்சின் ஓட்டினான்?"

"ஒரு ஸ்விட்ச்சுன்னு வச்சாக்கூட அதுக்குப் பின்னால ஒரு கம்பியாவது ஓடணும் ஐயா."

"ஓடணும்ல? அதத்தானே நான் சொல்றேன்!"

அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. யார் வாயைத் திறப்பார்கள்? பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நானும் அம்மாவும் பின்னால். அப்பா பாய்லரை எங்கே வைத்திருக்கவேண்டும் என்று காட்ட, அவர் அதன் பக்கத்திலேயே டைனமோவுக்கு இடம் ஒதுக்கினார். தண்ணீர் விவகாரம் மறுபடி வந்துவிடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டே நடந்தேன்.

வந்தது. அவர் மெதுவாக, "தண்ணிக்குத்தான் ஐயா என்ன வழின்னு..." என்று இழுத்தார். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அப்பாவும் நின்றார்.

"அட, பொறுங்க மாப்பிள்ளே. வீட்டுக்கு வாங்க, வரைஞ்சு காட்டுறேன்."

'தம்பி' என்று கூப்பிட்டது போய் 'மாப்பிள்ளே' வந்ததை அப்பா கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு முன்னால் போன இருவருக்கும் கேட்டிருக்கவேண்டும். அவர் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்பா தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.