பிள்ளையாருக்குக் கீழே இருந்த உரிமம்

மனை வாங்கினால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கேட்கும் நம் மக்கள், பழைய லேப்டாப் வாங்கும்போது "ஆன் ஆவுதா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற எனக்குப் பிறந்த மகனும் அப்படித்தான் திண்டிவனத்தில் ஒன்றை வாங்கி வந்தான்.

மருமகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு முதன்முதலாக வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் லேப்டாப்பைச் சோதித்து, அதிலுள்ள இயங்குதளத்துக்கு முறையான உரிமம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம் மாமா" என்றாள்.

மகன் வேறொரு திருட்டுப் பிரதி போடலாம் என்றான். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் போய்த் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அதை விற்ற கடைக்காரர், எல்லாருக்கும் இந்தத் திருட்டுப் பிரதியையேதான் போட்டுத் தருவதாகப் பெருமையாகச் சொன்னார். புதிதாக விற்றபோது கொடுத்த உரிமம் மெஷினோடு வரும். அது எந்தப் பதிப்புக்கு என்று பார்த்து அதையே போட்டால் போதும் என்றேன். பதிப்பின் பெயர் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். திருப்பினோம். அதன்மேல் பிள்ளையார் அமர்ந்திருந்தார். விற்கும் ஒவ்வொரு மெஷினிலும் அவரை ஒட்டுவது அந்தக் கடை வழக்கம்.

"சாமிய எப்டி சார் சொரண்டுறது? கடையே அவராலதான் ஓடிக்கினு இருக்குது."

"விக்கினம் தீர்க்கிறவர்தானே? கொஞ்சம் நகர்ந்து தீர்க்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அரசு அலுவலகத்தில் பிறரைக் காக்கவைத்துப் பழகியவனுக்குக் காத்திருக்கவும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூட வேண்டிய நேரம் வந்தபோது அவர் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நகத்தால் ஓரத்தை மெல்லத் தூக்கினார். பிள்ளையார் கிழியாமல் வந்து லேப்டாப்பின் மூடியில் குடியேறினார்.

கீழே, சாதாரண வீட்டுப் பதிப்பு என்று தெளிவாக இருந்தது. கடைக்காரர் போட்டிருந்ததோ அலுவலகப் பதிப்பு. அதை அழித்து வீட்டுப் பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்ததும், மெஷினுக்குள்ளேயே பதிந்திருந்த உரிமத்தை அது தானாக எடுத்துக்கொண்டது. சாவி எண் கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மருமகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சேத்துக்கினாங்க மாமா. அடியில இருந்த பிள்ளையாரு எப்டி மேல வந்தாரு?"

"பதவி உயர்வும்மா" என்றேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.