க்ரானிக்னா என்னாம்மா?

ஏகாம்பரம் அண்ணன ஷேர் ஆட்டோலருந்து ரெண்டு பேரு தூக்கினு வந்தாங்க. மூஞ்சி வீங்கிப் போச்சு, மூச்சு வாங்கினு இருந்தாரு. பின்னாடியே அவரு சம்சாரம் மல்லிகா அக்கா, காலுல செருப்பு கூட இல்லாம. டாக்டர் பாத்த உடனே "வேலூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லு, ஜல்தி"ன்னாரு. நான் போன் போட்டுகினு இருக்கேன், அக்கா என் துப்பட்டாவப் புடிச்சுகினு கேட்டாங்க: "க்ரானிக்னு தானேம்மா எழுதியிருந்தாங்க? அது எப்டி திடீர்னு இப்டி ஆவும்?"

ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சின்ன கிளினிக்குங்க. கவுன்ட்டர்ல நானு. டோக்கன் குடுக்கணும், பில் போடணும், டாக்டர் இங்கிலீஷ்ல எழுதினத தமிழ்ல சொல்லணும். இந்த வேல பாக்கற உங்க எல்லாருக்கும் தெரியும், வியாதி பேர விட அதுக்கு முன்னாடி நிக்குதே ஒரு வார்த்த, அது தான் பேஜாரு!

ஆஸ்துமா பெரியவரு

க்ரானிக்னா ரொம்ப நாளா இருக்கறது. நாள்பட்டது. அவ்ளோ தான்! லேசா, கடுமையான்றதே அதுல கெடையாது. போளூர்லருந்து வர்ற ஆஸ்துமா பெரியவருக்கு இத அப்டி ஆசையா வெளக்கினேன். அவரு சொன்னாரு: "இத சொல்ல ஒரு டாக்டரா? நானு, என் பொண்டாட்டி, இந்த இளுப்பு, மூணு பேரா தானேம்மா குடும்பம் நடத்தறோம்!"

தறியில பாவு

ஏகாம்பரம் அண்ணன் சேவூர்ல பட்டு நெய்யறவரு. கிட்னி ப்ராப்ளம். அப்டி தூக்கினு வர்றதுக்கு முன்னாடி, மொதல்ல காட்ட வந்தப்போ சீட்டுல 'க்ரானிக்'. இந்த வாரமே வேலூர் போயி காட்டணும்னு டாக்டரும் சொன்னாரு, நானும் சொன்னேன். "க்ரானிக்னா என்னாம்மா?"ன்னாரு. சொன்னேன். மூஞ்சியில அப்டி ஒரு நிம்மதி!

தறியில கல்யாணப் புடவைங்களுக்குப் பாவு ஏத்தி பாதி நெய்ஞ்சாச்சாம். பாவுன்னா நீளவாக்குல இழுத்துக் கட்டின நூலு. நடுவுல வேற ஆளு உக்காந்தா தறி அடிக்கற அடி மாறிடும், துணியில கோடு தெரியுமாம். அதனால பாவு முழுசா நெய்ஞ்சு எறங்கற வரைக்கும் யாரும் தறிய விட மாட்டாங்களாம். "அண்ணா, நாள்பட்டதுன்னா நமக்காக காத்துகினு இருக்கும்னு அர்த்தம் இல்லீங்க"ன்னேன். அவரு சிரிச்சாரு: "இத்தினி வருசமா கூடவே இருந்த நோவு, ஒரு பாவு முடியற வரைக்கும் பொறுக்காதா?"

அக்யூட் ஆன் க்ரானிக்

இருங்க, டோக்கன் கூப்ட்டுட்டு வந்துடறேன்.

ம்ம். வேலூர் ரிப்போர்ட்ல 'அக்யூட் ஆன் க்ரானிக்'னு இருந்துச்சு. ரொம்ப நாளா இருக்கறது மேலயே திடீர்னு ஒண்ணு ஏறி உக்காந்துக்கறது. ரெண்டும் ஒண்ணா வரும்னு அந்த நல்ல மனுசனுக்கு எப்டி தெரியும்?

அண்ணன் திரும்பி வரல.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநாள் அக்கா தனியா வந்தாங்க. அந்த வார்த்தைங்கள ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லி கேட்டாங்க. சொன்னேன். அக்கா அழல. மெதுவா சொன்னாங்க: "பாவு முடிச்சுட்டாரும்மா. கடைசி புடவைய அறுத்து மடிச்சு வெச்சுட்டு தான், மூச்சு முட்டுதுன்னே வாயத் தொறந்தாரு."

பழகின நோவு நம்மள ஏமாத்தாதுன்னு இந்த ஜனங்களுக்கு ஒரு நம்பிக்க, உங்க கவுன்ட்டர்லயும் இப்டித் தானாங்க?