மாதா பெட்டியில் போன பயணிகள்

பிரிஜெட் வீட்டுக்குள் நுழைவதைவிட வெளிநாட்டுக்குள் நுழைவது சுலபம் என்பார் அவள் கணவர் மோரிஸ். வெளிநாட்டுக்குக் கடப்பிதழ் ஒன்று போதும். லூனாஸ் ஊரின் தாமான் குடியிருப்பில் இருக்கும் அந்த வரிசை வீட்டுக்குக் காலைக் கழுவ வேண்டும், பையை வாசலில் வைக்க வேண்டும், மழை பெய்திருந்தால் குடை செய்த குற்றங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். மோரிஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சோதனைச் சாவடிகள் அவருக்குப் பழக்கம்தான்.

பிரிஜெட்டை இப்படி ஆக்கியதில் இரண்டு பேருக்குப் பங்குண்டு. ஒன்று, ஒரு மூட்டைப்பூச்சி. மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவள் வளர்ந்தபோது, கட்டில் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய டின்களுக்குள் நிறுத்தி வைப்பார்கள். மண்ணெண்ணெயைத் தாண்டத் தெரியாத பூச்சிகள் கூரை வழியாக வந்து விழுந்தன. அப்படி விழுந்த ஒன்று அவளுடைய வெள்ளைச் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போனது. ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, வகுப்பின் பின்சுவரோரம் ஒரு தனி நாற்காலியைப் போட்டு அவளை அதில் உட்கார வைத்தார். மற்ற பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாடம் என்ன என்று அவளுக்கு நினைவில்லை. நாற்காலி நினைவிருக்கிறது.

இன்னொன்று, கூலிமில் அவள் வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, காற்றில் குளித்துவிட்டு உள்ளே போகும் 'கிளீன் ரூம்' வேலை. அங்கே ஒரு தலைமுடி விழுந்தால் விசாரணை. மற்றவர்கள் அந்த வேலையை மாலையில் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பிரிஜெட் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

இத்தகைய தகுதிகளோடு அவள் அன்பியத் தலைவியானதில் வியப்பில்லை. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு. தலைவி பதவிக்கு அவளை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதவி வேறு எந்த மனதுக்கும் வேண்டியிருக்கவில்லை. செபம் முடிந்து மீஹூன் சேமியா பரிமாறும் நேரத்தில் அவள் ஒரு சின்ன உரை ஆற்றுவாள். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்.

"சுத்தமான வீட்டுக்குப் பூச்சி வராது. வந்துச்சுன்னா, அந்த வீட்டுல ஏதோ சரியில்லன்னு அர்த்தம். நான் யாரையும் சொல்லல."

யாரையும் சொல்லாமல் அவள் பெரும்பாலும் இராசாத்தியைப் பார்ப்பாள். நான்கு வீடு தள்ளி இருக்கும் இராசாத்தியின் சமையலறையில் கரப்பான்கள் வாடகை கொடுக்காத குறையாகக் குடியிருந்தன என்பது பிரிஜெட்டின் கருத்து.

அக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுரூபச் சிலை ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே இரவு தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்கு நகரும். போவதற்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே நீல வெல்வெட், மடிப்பு மடிப்பாக, பஞ்சு வைத்துத் தைத்தது. தைத்தவள் பிரிஜெட். மாதாவுக்கு உறுத்தக்கூடாது என்று இரட்டைப் பஞ்சு. மாதம் முடிந்ததும் பெட்டி அவள் வீட்டுக்குத் திரும்பி, விருந்தினர் அறைக் கட்டிலின் அடியில் அடுத்த அக்டோபர் வரை ஓய்வெடுக்கும்.

இந்த ஆண்டு முதல் வாரத்திலேயே பிரிஜெட்டின் கையில் வரிசையாகத் தடிப்புகள் வந்தன. கொசு என்று முடிவு செய்தாள். கொசு ஒரே கோட்டில் நடந்து நடந்து கடிக்குமா என்ற கேள்வியை மனதுக்குள் நுழைய விடவில்லை; அது கால் கழுவாமல் வந்த கேள்வி. ஆனால் ஒரு காலையில் தலையணை உறையில் சின்னதாக ஓர் இரத்தப் பொட்டு இருந்தது. மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தாள். தையலுக்குள், பழுப்பு நிறத்தில், தட்டையாக, லயத்து நாளில் பார்த்த அதே முகங்கள்.

அவள் கத்தவில்லை. கதவைச் சாத்தினாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், பிறகு போரைத் தொடங்கினாள். கொதிக்கும் தண்ணீர் போனது. கற்பூரம் போனது. எறும்புக்கு விற்கும் சீனச் சாக்குக்கட்டியால் கட்டிலைச் சுற்றி எல்லைக்கோடு போட்டாள். கரப்பானுக்கு வைப்பதும் நாசி லெமாக் சோற்றில் போடுவதுமான பாண்டான் இலையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். மூட்டைப்பூச்சிகள் நறுமணத்தோடு கடித்தன.

"என்னாடி, மெத்தையில நாசி லெமாக் வாசன வருது?" என்றார் மோரிஸ்.

"வயசானா மூக்கு அப்படித்தான். பேசாம படுங்க."

மருந்து தெளிப்பான் லூனாஸ் கடையில் வாங்கினால் கடைக்காரரின் மனைவி கேட்பாள். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. ஆகவே பிரிஜெட் கூலிமுக்கு பஸ் ஏறினாள். பெரிய பேரங்காடியின் பூச்சி மருந்து அடுக்கில், மூட்டைப்பூச்சிப் படம் போட்ட புட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். அதே புட்டியை நோக்கி இன்னொரு கை நீண்டது. இராசாத்தியின் கை.

இரண்டு கைகளும் மரியாதையாகப் பின்வாங்கின.

"எறும்பு," என்றாள் இராசாத்தி. "தாஹான் பண்ண முடியலக்கா, தாங்கல."

"எங்க வீட்டுல ஒண்ணுமில்ல. இவரோட கூட்டாளி ஒருத்தர் கேட்டாரு."

"எறும்புக்குப் போயி இவ்வளவு தூரம் வந்தேன் பாருங்க."

"கூட்டாளிக்குப் போயி நானும் வந்தேன் பாரு."

ஆளுக்கு இரண்டு புட்டி வாங்கிக்கொண்டு, ஒரே பஸ்ஸில், வெவ்வேறு இருக்கையில் வீடு திரும்பினார்கள்.

அந்த வாரம் பின்சந்தில் இராசாத்தியின் மெத்தை வெயிலில் கிடந்தது. மகன் படுக்கையை நனைத்துவிட்டானாம். மகனுக்கு இருபத்திரண்டு வயது. பினாங்கில் பொறியியல் படிக்கிறான். இன்னொரு வீட்டில் சாம்பிராணிப் புகை பகலெல்லாம் போனது, பக்தி என்றார்கள். செபமாலை நேரத்தில் எல்லாரும் முன் எப்போதும் இல்லாத அளவுக்கு அசைந்தார்கள். ஆவியானவர் அசைக்கிறார் என்று ஒரு பெரியவர் நெகிழ்ந்து போனார். ஒவ்வொரு வீட்டிலும் குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று. இராசாத்தி, சித்தியவானிலிருந்து வந்துபோன மாமியாரின் பையைச் சொன்னாள். பிரிஜெட் முனை வீட்டில் வாடகைக்கு இருக்கும் நேபாளத் தொழிலாளர்களைச் சொன்னாள். அந்தப் பையன்கள் ஞாயிறுதோறும் மெத்தைகளைத் தட்டி வெயிலில் போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதையே சான்றாகவும் எடுத்துக்கொண்டாள்.

மாதம் முடியும் தறுவாயில், பிரிஜெட் தலைவி என்பதால் மாதா இரண்டாம் தடவையாக அவள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை மட்டும் இரவு தங்காமல், செபம் முடிந்ததும் அதே வரிசையில் இருக்கும் அமண்டா எடுத்துப் போவதாக ஏற்பாடு. அமண்டாவுக்கு இதுதான் முதல் முறை. பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்துவிட்டு, பச்சைக் குழந்தையோடு போன வாரம்தான் திரும்பி வந்திருந்தாள்.

சாயங்காலம் பூ மாற்றுவதற்காகப் பிரிஜெட் சுரூபத்தை வெளியே எடுத்தாள். பெட்டியின் வெல்வெட் மடிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தது. மடிப்பை விரித்தாள். ஒரு குடும்பமே இருந்தது. தாத்தா முதல் முட்டை வரை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

"இங்க வாங்க," என்று மோரிஸைக் கூப்பிட்டாள். "பாத்தீங்களா? பெட்டியிலதான் வந்திருக்கு. நம்ம வீட்டுது இல்ல. நேத்து யாரு வீட்டுல இருந்துச்சு? இராசாத்தி வீட்டுல. நான் சொல்லல?"

மோரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "நமக்கு முதல் வாரமே கடி இல்ல? அப்ப பெட்டி இராசாத்தி வீட்டுக்கே போயிருக்கல."

பிரிஜெட் வெல்வெட் மடிப்பை மூடினாள்.

"போன நவம்பர்லருந்து பெட்டி எங்க இருந்துச்சு?"

"கெஸ்ட் ரூம் கட்டிலுக்கு அடியில. அங்க எப்படி வரும்? அது ஓட்டல் மெத்தை."

அது ஒரு பெருமைக்குரிய மெத்தை. பழைய ஓட்டல் ஒன்றை மூடியபோது விற்றதை, அதன் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து அவளே வாங்கியது. உறை கலையும் என்று அதில் யாரையும் படுக்க விட்டதில்லை.

"ஆளே படுக்காத கட்டில்ல மூட்டைப்பூச்சி யாரக் கடிச்சு உயிரோட இருக்கும்?" என்று அவளே கேட்டாள்.

மோரிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"என்னையத்தான்," என்றார். "மத்தியானம் நீ கடைக்குப் போறப்ப. நல்ல மெத்தடி அது."

"கடிக்கறது தெரியலயா உங்களுக்கு?"

"தெரிஞ்சுச்சு. சொன்னா அங்க படுத்தது தெரிஞ்சிரும்ல?"

ஆக, ஒரு கிளீன் ரூம் ஊழியையின் வீட்டில் கடத்தல்காரன் ஒருவன் உணவு கொடுத்து வளர்த்த பூச்சிகளை, அவளே இரட்டைப் பஞ்சில் சொகுசாக உட்கார வைத்து, மாதாவின் துணையோடு, பாட்டுப் பாடி, வீடு வீடாக அனுப்பியிருந்தாள். நேபாளப் பையன்கள் இந்தப் பயணத்தில் எங்கும் வரவில்லை.

"பேசாம இருந்துருவோம்," என்றார் மோரிஸ். "யாருக்கு என்னா தெரியும்? இராசாத்தி மாமியாருன்னு சொல்றா. நீ நேபாளம்னு சொல்ற. செனாங்கா, சுலபமா முடிஞ்சிரும்."

பிரிஜெட்டுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பெட்டிக்குள் மருந்தை அடித்தாள். மாதாவை மறுபடி உள்ளே வைத்தாள். மருந்து வாசனையில் பச்சைக் குழந்தையா, மருந்துக்குத் தப்பிய பூச்சியோடு பச்சைக் குழந்தையா என்று யோசித்தாள். பிறகு பின்சுவரோரம் கிடந்த அந்த நாற்காலியையும் யோசித்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கூட்டம் வந்துவிட்டது.

செபமாலை முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. அன்பியத்தில் மன்றாட்டு என்பது யாரும் தன் மனதிலுள்ளதைச் சத்தமாகச் சொல்லலாம் என்ற ஏற்பாடு. பெயர் சொல்லாமல் பிறரின் குடும்பச் சண்டைகளை அறிவிக்க இதைவிட நாகரிகமான வழி இல்லை. பிரிஜெட் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, ஏதோ ஒரு குடும்பத்தில் பூச்சித் தொல்லை இருக்கிறது. அந்தத் தொல்லை அகல வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூடம் அதிர்ந்தது. உலக அமைதிக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு உறுதியாக யாரும் செபித்ததில்லை. பிரிஜெட் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். எல்லாரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தோடு கடமை முடிந்தது என்று அவள் மீஹூன் எடுக்கப் போயிருப்பாள். ஆனால் அமண்டா எழுந்து, தோளில் குழந்தையோடு, ஒற்றைக் கையால் பெட்டியை இடுப்பில் அணைத்துத் தூக்கினாள். வெல்வெட்டின் ஓரம் குழந்தையின் கால்மேஜோட்டைத் தொட்டது.

"அமண்டா, பெட்டிய கீழ வைம்மா."

"பரவால்ல ஆண்ட்டி, கனமில்ல."

"வைன்னு சொல்றேன். அதுல மூட்டைப்பூச்சி இருக்கு."

அமண்டா பெட்டியை வைத்த வேகத்தில் மாதா ஒருமுறை ஆடி நின்றார்.

இராசாத்தியின் முகம் மலர்ந்தது. "அக்கா, அப்ப உங்க வீட்டுக்கும் வந்துருச்சா?"

இங்கே ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மோரிஸ் வாசல் பக்கத்திலிருந்து கண்ணால் அதையே கெஞ்சினார்.

"வரல," என்றாள் பிரிஜெட். "இங்கருந்துதான் எல்லா வீட்டுக்கும் போச்சு. பெட்டி எங்க கட்டிலுக்கு அடியிலதான் கிடந்துச்சு."

உடனே யாரும் மன்னிக்கவில்லை. அப்படி மன்னிக்கிற பழக்கம் தாமானில் இல்லை. ஒருத்தி தூக்கிப்போட்ட புது மெத்தையைப் பற்றி அழாக்குறையாகச் சொன்னாள். சாம்பிராணி வீட்டுக்காரர் தமக்கு வந்த இருமலைச் சொன்னார். இராசாத்தி எல்லாரும் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சுத்தமான வீட்டுக்குப் பூச்சி வராதுலக்கா," என்றாள். "நான் யாரையும் சொல்லல."

"சொல்லு. நல்லா சொல்லு."

"எங்க மாமியார நான் வாசல்ல வச்சே பைய உதற வச்சேன். அத எந்த மன்றாட்டுல சொல்றது?"

அமண்டா மாதாவை மட்டும் வெளியே எடுத்து, முகத்தைத் துடைத்து, சிலையின் ஆடை மடிப்புகளை ஊதிப் பார்த்துவிட்டு வெறுங்கையில் ஏந்திக்கொண்டு போனாள். மீஹூனை யாரும் தொடவில்லை. மீஹூனில் மூட்டைப்பூச்சி இருக்காது என்று மோரிஸ் சொன்னது நிலைமைக்கு உதவவில்லை.

மறுநாள் லூனாஸில் அந்த வரிசை முழுக்க மெத்தைகள், பின்சந்தில் அல்ல, முன்பக்கத் தெருவில், வெட்கமில்லாமல் வெயில் காய்ந்தன. மாதா பெட்டி கறுப்புப் பைக்குள் கட்டப்பட்டு, மோரிஸின் பூட்டிய காருக்குள் உச்சி வெயிலில் தவம் கிடந்தது. ஓட்டல் மெத்தை நட்சத்திரங்களோடு குப்பை லாரியில் ஏறியது. மோரிஸ் அதற்கு வாசலில் நின்று விடை கொடுத்தார். முனை வீட்டு நேபாளப் பையன்கள் எல்லாருக்கும் மெத்தை தூக்கிக் கொடுத்தார்கள். பிரிஜெட் கொடுத்த கோப்பியை வாசலுக்கு வெளியே நின்றே குடித்தார்கள். அந்த வீட்டுச் சட்டம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. உள்ளே வரச் சொன்னாள். காலைக் கழுவ வேண்டுமா என்று சைகையில் கேட்டார்கள். வேண்டாம் என்றாள். பிறகு, கழுவினால் நல்லது என்றாள்.

மாலையில் அமண்டா வீட்டில் செபமாலை. போகாமல் இருந்துவிடலாம் என்று பிரிஜெட் மூன்று சேலை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் போனாள். கூடத்தில் எல்லாரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கதவுப் பக்கம் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தனியாக இருந்தது.

"அக்கா, உங்களுக்குத்தான்," என்றாள் இராசாத்தி. "பிளாஸ்டிக்ல பூச்சி தங்காதாம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிரிஜெட் அதில் போய் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, கையை மடியில் கோத்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைபோல.

அமண்டா குழந்தையோடு அவள் எதிரே வந்து நின்றாள். சேலைத் தலைப்பைத் தூக்கிப் பார்த்தாள். ரவிக்கைக் கையின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். கிளீன் ரூமில்கூட இவ்வளவு நிதானமான சோதனை நடந்ததில்லை.

"துணியெல்லாம் சுடுதண்ணில போட்டீங்களா ஆண்ட்டி?"

"கொதிக்கக் கொதிக்க."

"நீங்க?"

"நானுந்தான். தோலு உரியாத குறை."

"அப்ப இவனக் கொஞ்சம் பிடிங்க. நான் மெழுகுவத்தி ஏத்தணும்," என்று அமண்டா குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

பிரிஜெட் குழந்தையின் கால்மேஜோட்டைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, தையலை வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் மாட்டிவிட்டாள்.

"இப்பவும் பாக்குறாங்க பாரு," என்றாள் இராசாத்தி, இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு. அதுவும் பிளாஸ்டிக்தான்.