மாமன் கொண்டுவந்த மணை

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டிலேயே தங்கி, தேன்கூடு அட்டை செய்யும் கம்பெனிக்குப் போய்வந்தார். மரப்பெட்டிக்குப் பதிலாக அட்டைப் பெட்டியில் கார் பாகங்களை அனுப்பத் தொடங்கியிருந்த காலம், இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. இரண்டு அட்டைகளுக்கு நடுவே காகிதத்தால் தேன்கூடு மாதிரி அறை அறையாக நிற்க வைத்து ஒட்டியிருப்பார்கள். தரையில் போட்டு ஏறி நின்றால் தாங்கும். பக்கவாட்டில் அமுக்கினால் நசுங்கிவிடும்.

மாமாவுக்கு அந்த நசுங்கல்தான் தீராத தலைவலி. மூன்று சுவர்கள் சேரும் மூலை ஒவ்வொன்றிலும் இன்னொரு குட்டி அறையை நுழைத்தார். எடை ஏறாமலிருக்க மெல்லிய காகிதமாகத் தேடிப் பிடித்தார். மாதக்கணக்கில் பசையும் பிளேடுமாகக் கிடந்து, உட்காரும் பலகை அளவுக்கு ஒன்றைச் செய்து முடித்தார். நான் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அமுக்கிப் பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை.

“பாத்தியா கண்ணு? பெரிய ரூம்பு முக்கிக்கினு நிக்கும்போது குட்டிங்கோ வந்து தோள் குடுக்குதுங்கோ” என்று குதித்தார். திங்கட்கிழமை வடக்கிலிருந்து முதலாளி வருகிறார், இதைப் பார்த்தால் மாமாவை மிஷினிலிருந்து டிசைன் வேலைக்கு மாற்றிவிடுவார் என்று எங்கள் வீடே நம்பிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தின நாள் அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் கொண்டுவரும் புது மணையில் உட்கார வைத்துத்தான் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஆரணியில் ஆசாரியிடம் சொல்லிவைத்த மணையை, அட்டை மயக்கத்தில் மாமா வாங்கிவர அடியோடு மறந்துவிட்டார். நல்ல நேரம் முடியப்போகும்போதுதான் அது தெரிந்தது.

“இன்னாம்மா, ஒன் தம்பி வெறுங்கைய வீசிக்கினு வந்துகிறான்? ஒன் பொறந்த ஊட்டு மரியாத இவ்ளோதானா?” ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த அப்பாவின் அக்கா, பந்தலே கேட்கும்படி அம்மாவைக் கேட்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா உள்ளே ஓடினார். தான் செய்த அட்டையோடு வந்து, அதைப் பந்தலில் போட்டு ஏறி நின்று காட்டினார்.

“இதாங்க்கா மணை. என் கையால செஞ்சது. ஒக்கார வைங்க.”

இரண்டு குடம் வரைக்கும் தாங்கியது. அப்புறம் பசை விட்டு ஒரு பக்கம் அமுங்க, அக்கா மஞ்சள் சேற்றில் மெதுவாகச் சரிந்தாள். பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது.

“அட்ட தண்ணில ஊறும்னுகூட தெரியாதாடா? பெரிய இன்ஜினீரு!” என்றாள் அத்தை.

“தெரியாம பூட்ச்சுக்கா” என்று மாமாவும் சேர்ந்து சிரித்தார். பிறந்த வீட்டு மரியாதையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வந்தார், போனார். மாமா அதே மிஷினில் நின்றார். மறுபடி செய்யச் சொல்லி நச்சரித்தேன். “செய்லாம் கண்ணு” என்பார். செய்யவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அட்டைக் கம்பெனிக்காரருக்கா அட்டை ஊறும் என்று தெரியாது? அந்த வயதில் எனக்கு இது தோன்றவில்லை. பந்தல் காலியானதும், ஊறிப்போன காகிதத்தைக் கிழியாமல் ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், “எல்லாரும் சிரிச்சாங்களே, நீ மட்டும் ஏம்மா அழுவுற?” என்றுதான் கேட்டேன்.