குப்பையில் வைத்த மெயில்கள்

ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துத் தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் மெயில் சர்வரை மாற்றிக்கொடுக்கப் போயிருந்தேன். பழையது அடிக்கடி நின்றுபோனது. வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டேன்: பழைய மெயில் எல்லாவற்றையும் முதலில் கிளவுடில் உள்ள காப்பகத்துக்கு ஏற்றுவது, புதிய சர்வரைக் காலியாகத் தொடங்குவது, கடைசியில் பழையதை அணைப்பது. வருடக்கணக்கான மெயிலைப் புதிய இயந்திரத்துக்குச் சுமக்க வேண்டியதில்லை. வேண்டியவர்கள் காப்பகத்தில் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

அழித்த மெயில் போய் விழும் குப்பைப் பெட்டியை மட்டும் காப்பகம் எடுக்காது. அதைச் சொல்லிவைக்க மேசை மேசையாகப் போனேன்.

பில் போடும் அண்ணன் சிரித்தார். "இன்னா மேடம், குப்ப அள்ளவா வந்துகீறீங்க? கார்ப்பரேசன் வண்டி கீழ நிக்குதா?"

"அள்ளலண்ணா. விட்டுட்டுப் போறேன்."

சிரிப்பு நின்றது. "அய்யய்ய! எங்க ஆபீஸ்ல முக்கியமானது பூரா அதுலதான் கீது."

உண்மைதான். பழைய சர்வரில் ஆளுக்குக் கொஞ்சம் இடம்தான். குப்பையில் கிடப்பது அந்தக் கணக்கில் சேராது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, பத்திரப்படுத்த வேண்டியதையெல்லாம் அவர்கள் அழித்து வந்தார்கள்.

பக்கத்து மேசை அக்கா எழுந்து வந்தார். அவருடைய தம்பி கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். நடுக்கடலில் போன் எடுக்காது என்பதால், கப்பல் மெயிலிலிருந்து அக்காவின் அலுவலக முகவரிக்குத்தான் எழுதுவார். போன வருடம் அந்த இன்ஜின் அறையிலேயே விபத்தில் இறந்துபோனார்.

"என் தம்பி எழுதுனதெல்லாம் குப்பைலதாம்மா கீது. பூடுமா?"

"போகாதுக்கா."

குப்பைப் பெட்டிகளையும் சேர்க்கும்படி மாற்றினேன். ஞாயிறு முழுவதும் மெயில் ஏறியது. திங்கள் காலை புதிய சர்வரை ஓடவிட்டு, அக்காவை உட்காரவைத்து, தம்பியின் பெயரைத் தேடிக் காட்டினேன். எல்லாம் வந்திருந்தன. ஒன்றைத் திறந்தார். 'சாம்பார்னு ஒண்ணு ஊத்துறான்க்கா. எண்ணூர் ஆத்துத் தண்ணியே தேவலாம்.' வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பகலில் என்னைக் கூப்பிட்டார். புதிய சர்வரில் அவருக்கு வந்த முதல் மெயில் திரையில் இருந்தது. நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை, இந்த முகவரியில் யாரும் இல்லை என்று ஆங்கிலத்தில். அதன் கீழே அவர் அனுப்பியது: உன் மெயில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று தம்பிக்கே எழுதியிருந்தார்.

தம்பி போன பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தாராம். பழைய சர்வரில் திரும்பிவரும் மெயிலெல்லாம் யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குள் போய்விடும். யாரோ தப்பாக அமைத்தது. புதியதில் அது சரியாக இருந்தது.

"அந்தப் பழைய மெஷினு கம்முனு கெடந்துச்சேம்மா," என்றார். "இது இன்னாத்துக்குப் பதில் சொல்லுது?"

என்னால் செய்ய முடிந்ததைக் கேட்டேன். "உங்களுக்கு மட்டும் அது வராம நிறுத்திடட்டுமாக்கா?"

"வாணாம்மா. அதான் சொல்லிடுச்சே."